நான்காம் நாள்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். நான்கே சொற்களில் எவ்வளவு பெரிய உலக அநுபவம்! மூன்று நாளுக்கு மேல் போனால் விருந்தாளியின் இலையில் வடை விழாது. வீட்டுக்காரர் முகத்திலும் பழைய மலர்ச்சி இராது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். நான்காம் நாள் என்ன செய்வது? உள்ளூர் விருந்தாளியாக இருந்தால் காலை வண்டிக்கு மூட்டை கட்டிவிடலாம். கடல் கடந்து வந்து, மாதக் கணக்கில் அதே வீட்டில் தங்குவதாக ஒப்புக்கொண்டு, திரும்பும் டிக்கெட்டை அடுத்த வருஷத்துத் தேதியில் வைத்திருக்கும் விருந்தாளி என்ன செய்வார்?

இது வீண் கேள்வி அன்று. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் பெண்களும் 'பரிவர்த்தனை மாணவர்' என்ற பெயரில் இன்று தேசம் விட்டுத் தேசம் போகிறார்கள். அங்கே அவர்கள் விடுதியில் தங்குவதில்லை. முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில், அந்தக் குடும்பத்தோடு ஒருவராகத் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். நம் வீட்டிலிருந்து ஒரு குழந்தை இப்படிப் புறப்பட்டால், பெட்டியில் என்ன வைப்பது என்று ஒரு மாதம் ஆலோசனை நடக்கிறது. புளிக்காய்ச்சல் எத்தனை பாட்டில், பருப்புப் பொடி எத்தனை பொட்டலம் என்று பாட்டி முதல் அடுத்த வீட்டு மாமி வரையில் அபிப்பிராயம் சொல்லுகிறார்கள். அந்நிய வீட்டில் நான்காம் நாள் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி மட்டும் பெட்டியில் யாரும் ஒன்றும் வைத்து அனுப்புவதில்லை. ஆகையால் இந்த வாரம் அதைப் பற்றிச் சற்று யோசிப்போம்.

இந்த ஏற்பாடு எப்படித் தோன்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸ் தேசத்துப் போர்முனையில், காயம் பட்ட சிப்பாய்களை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்த அமெரிக்கத் தொண்டர்கள் சிலர் இருந்தார்கள். 'அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ்' என்பது அவர்களுடைய சங்கத்தின் பெயர். இரண்டாம் யுத்தத்திலும் அதே வேலையை அச்சங்கத்தார் செய்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு, 1946இல் அவர்கள் கூடி ஆலோசித்தார்கள். அடிபட்டவர்களைத் தூக்கிச் செல்வதைக் காட்டிலும், அடிதடியே நேராமல் இருக்க வழி தேடுவது மேல் அல்லவா? ஒரு தேசத்துக் குழந்தை இன்னொரு தேசத்து வீட்டில் வளர்ந்தால், பிற்காலத்தில் அந்த வீட்டின் மீது குண்டு போட அதற்கு மனம் வருமா? இந்த எண்ணத்துடன் 1947இல் 52 மாணவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். சில வருஷங்களுக்கு முன்பு வரையில் அமெரிக்காவுடன் கடும் போர் புரிந்த ஜப்பானிலிருந்தும் 1954 முதல் மாணவர்கள் போகத் தொடங்கினார்கள். இவ்விதம் ஆரம்பித்தது இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. அச்சங்கத்தின் ஏற்பாட்டில் மாணவரை ஏற்கும் குடும்பத்தார் பெரும்பாலும் அதற்காகப் பணம் பெற்றுக்கொள்வதில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வாடகைக்கு அறை விட்டவரிடம் நாம் சௌகரியம் கேட்கலாம். அன்பைக் கேட்க முடியாது. இங்கே கொடுக்கப்படுவதெல்லாம் அன்பு ஒன்றுதான். அதனால்தான் விஷயம் இவ்வளவு கடினமாகிறது.

எல்லாத் தேசங்களையும் பற்றிப் பேச இடம் போதாது. ஜப்பானை எடுத்துக்கொள்வோம். காரணம் உண்டு. 2018இல் ஜப்பானிய அரசாங்கம் ஒரு திட்டம் தொடங்கியது. ஐந்து வருஷத்தில் ஆசிய நாடுகளிலிருந்து சுமார் 1000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வரவழைப்பது அதன் நோக்கம். 'ககெஹாஷி', அதாவது 'பாலம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பாலத்தின் வழியாக நம் இந்தியக் குழந்தைகளும் சென்றார்கள்.

ஜப்பானிய வீட்டு வாசலில் நுழையும்போது நம் குழந்தைக்கு முதலில் ஏற்படுவது ஆச்சரியம் அல்ல, ஆறுதல். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும்! 'கென்கான்' என்று அவர்கள் சொல்லும் நடை சற்றுத் தாழ்ந்திருக்கும். அங்கே பாதரட்சைகளைக் கழற்றி, முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, மேலே ஏற வேண்டும். "இது நம் வீட்டு வழக்கந்தானே!" என்று பயல் மகிழ்ந்து போகிறான். ஆனால் அவன் மகிழ்ச்சி வெகு நேரம் நீடிப்பதில்லை. உள்ளே நடப்பதற்கு ஒரு ஜோடி மெல்லிய செருப்புக் கொடுக்கிறார்கள். கழிவறைக்குள் போகும்போது அதை வெளியே விட்டுவிட்டு, அங்கே வைத்திருக்கும் வேறு ஜோடியை மாட்டிக்கொள்ள வேண்டும். 'தாதாமி' என்னும் பாய் விரித்த அறைக்குள்ளே எந்தச் செருப்பும் கூடாது. கழிவறைச் செருப்புடன் கூடத்துக்கு வந்து நிற்கும் அந்நியர்களைப் பற்றி ஜப்பானில் எத்தனையோ வேடிக்கைக் கதைகள் உண்டு. நம் வீட்டுச் சமையலறையில் ஒருவர் பூட்ஸுடன் நடந்தால் பாட்டிக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த வீட்டம்மாளின் முகம் ஏன் ஒரு கணம் மாறுகிறது என்பது விளங்கிவிடும்.

அடுத்தது ஸ்நானம். ஜப்பானியருக்குக் குளிப்பது என்பது அழுக்குப் போக்கும் காரியம் மட்டும் அன்று. நாள் முழுவதும் உழைத்த அலுப்பைப் போக்கும் வைபவம். ஆழமான தொட்டியில் 40 முதல் 42 டிகிரி வரையில் சூடாக நீர் நிரம்பியிருக்கும். அதைப் பார்த்ததும் நேரே உள்ளே இறங்கிச் சோப்புத் தேய்க்கத் தொடங்கினால் தீர்ந்தது! தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து, தேய்த்துக் குளித்து, சோப்பு நுரை கொஞ்சமும் இல்லாமல் கழுவிக்கொண்ட பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். ஏனெனில் அந்த ஒரே தொட்டி நீரில்தான் வீட்டார் எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக அமர்கிறார்கள். குளித்து முடித்ததும், நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதாக எண்ணி, அடைப்பைப் பிடுங்கி நீரை வெளியேற்றிவிடுகிற மாணவன் இரட்டைப் பிழை செய்கிறான். பின்னால் குளிக்க வேண்டியவர்களுக்கு வெந்நீர் இல்லை. அன்றியும், மிஞ்சும் நீரைத் துணி துவைக்கும் யந்திரத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு, அதுவும் போயிற்று. ஊரே ஒரு குளத்தில் முழுகி எழுந்த வம்சத்தில் வந்தவர்களுக்கு இந்த வழக்கத்தின் தாத்பரியம் எளிதில் புரியும். ஒரே நீரைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டே குளிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் சில நாட்கள், புது நீரில் முதலில் இறங்கும் பெருமையை விருந்தாளிக்கே கொடுப்பார்கள். பிறகு ஒரு நாள், "இன்றைக்கு அப்பா சீக்கிரம் தூங்க வேண்டும், அவர் முதலில் குளிக்கட்டும்" என்று வீட்டம்மாள் சொல்லுவாள். அப்பொழுது மாணவன், "அடாடா! நம்மிடம் மரியாதை குறைந்துவிட்டதே!" என்று வருந்தக்கூடாது. உண்மையில் அன்றுதான் அவனுக்கு அந்த வீட்டில் பெரிய மரியாதை கிடைத்தது. விருந்தாளிக்கு முதலிடம் கொடுப்பார்கள். வீட்டுப் பிள்ளைக்கு வரிசையில் இடம் கொடுப்பார்கள்.

இனி ஆகார விஷயத்துக்கு வருவோம். சாப்பிடத் தொடங்கும்போது ஜப்பானியர் கைகூப்பி 'இதாதகிமாஸ்' என்று சொல்லுகிறார்கள். அந்த வினைச்சொல்லுக்குத் தலையின்மேல் ஏற்றுக்கொள்வது என்பது பழைய பொருள். 'சிரமேற்கொள்கிறேன்' என்று நாம் சொல்லுவதில்லையா? அதுவேதான். சாப்பிட்டு முடிந்ததும் சொல்லும் 'கொச்சிசோசமா' என்ற வார்த்தைக்குள்ளே ஓடி அலைவது என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. இந்த உணவைச் சேகரிக்க அங்கும் இங்கும் ஓடினீர்களே, அதற்கு வந்தனம் என்பது கருத்து. நம்முடைய வீடுகளில் எத்தனை தாய்மார்கள் காலை முதல் இரவு வரையில் இப்படி ஓடுகிறார்கள்! எத்தனை புருஷர்களும் பிள்ளைகளும் இலையை விட்டு எழுந்திருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுகிறார்கள்? நம் பிள்ளை ஜப்பானிலிருந்து வேறொன்றும் கொண்டுவர வேண்டாம். இந்த ஒரு வார்த்தையை அதன் பொருளோடு கொண்டுவந்தால் போதும், பிரயாணச் செலவு வசூலாகிவிடும்.

சைவ உணவுக்காரர்களின் பாடு சிறிது சிரமமானது. "நான் மாமிசம் உண்பதில்லை" என்று சொன்னால் ஜப்பானிய வீட்டம்மாள் அன்புடன் தலையசைத்துவிட்டு மீன் சமைத்து வைப்பாள். மீனும் வேண்டாம் என்றால் காய்கறிகளைப் போட்டு ஸூப் வைத்துக் கொடுப்பாள். அந்த ஸூப்புக்கு அடிப்படையான 'தாஷி' என்ற சாறு, பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனைச் சீவிப் போட்டுக் காய்ச்சியது. நம் தென்பாண்டிக் கடற்கரையில் மாசி என்று சொல்லுகிறார்களே, அதற்குச் சகோதர முறை. வீட்டம்மாள் ஏமாற்றவில்லை. நாம் குழம்பில் பெருங்காயம் போடுவதைத் தனியாக எடுத்துச் சொல்லுவோமா? அது போலத்தான். 'கொம்பு' என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும்கூட நல்ல தாஷி காய்ச்சலாம். பௌத்த மடங்களில் மீனும் மாமிசமும் இல்லாத சமையல் பல நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. ஆகவே, வழி இல்லாமல் இல்லை. ஆனால் புறப்படுவதற்கு முன்பே, இன்னின்னது உண்பேன், இன்னின்னது உண்ணேன் என்று ஒளிவு மறைவு இல்லாமல் எழுதிவிட வேண்டும். சாப்பாட்டு மேஜைக்கு முன் உட்கார்ந்துகொண்டு, தட்டைப் பார்த்து முகம் சுளிப்பதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேலான மரியாதை.

இங்கேதான் நம் குழந்தைகளின் முக்கியமான இடையூறு வெளிப்படுகிறது. ஜப்பானிய மொழியில் 'என்ரியோ' என்று ஒரு சொல் இருக்கிறது. தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேளாமல் பின்வாங்கி நிற்கும் சங்கோசத்துக்கு அந்தப் பெயர். இதில் ஜப்பானியருக்கும் நமக்கும் போட்டி வைத்தால் யார் வெல்லுவார்கள் என்று சொல்ல முடியாது. தமிழர் ஒருவர் "போதும், வேண்டாம்" என்று சொன்னால், "இன்னும் இரண்டு தடவை கேளுங்கள்" என்றுதானே அர்த்தம்? இப்படிப்பட்ட இரண்டு ஜாதியார் ஒரே வீட்டில் சேர்ந்தால் நடக்கும் காட்சியை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். குளிர்கால இரவு. ஜப்பானிய வீடுகள் பலவற்றில் இருக்கும் அறையைத்தான் சூடாக்கிக்கொள்வார்களே தவிர, வீடு முழுவதையும் சூடாக்குவதில்லை. "குளிருகிறதா?" என்று வீட்டம்மாள் கேட்கிறாள். "இல்லை, இல்லை" என்கிறான் மாணவன், பல் கிட்டிக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் சாதம்?" "வேண்டாம்." "வீட்டு நினைவு வருகிறதா?" "இல்லவே இல்லை." பிறகு அறைக்குள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியிலிருந்து பருப்புப் பொடியை எடுத்து வெறுமனே வாயில் போட்டுக்கொண்டு அழுகிறான். வெளியே அந்த அம்மாள், "நம் வீடு இந்தக் குழந்தைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று தன் புருஷரிடம் சொல்லி வருந்துகிறாள். இரு தரப்பாரும் மரியாதையின் சிகரத்தில் நிற்கிறார்கள். நடுவில் பள்ளத்தாக்கு!

இந்த நிலைமைக்கு அறிஞர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியல் நிபுணர் 1960இல் வெளியான தமது கட்டுரையில், திடீரென்று அந்நிய தேசத்தில் பெயர்த்து நடப்பட்டவர்களுக்கு உண்டாகும் நோய் என்றே இதை வர்ணித்தார். முதலில் எல்லாம் இன்பமயமாக இருக்கும். பிறகு திடீரென்று எல்லாம் கசக்கும். அடிக்கடி கை கழுவத் தோன்றும். குடிக்கும் நீரைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் ஓயாத கவலை பிடிக்கும். அற்ப விஷயத்துக்கெல்லாம் கோபம் வரும். ஊருக்குப் போகமாட்டோமா என்று ஏக்கம் பிடுங்கும். அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த ஊர் மனிதர்களோடு பழகுவதைத்தான் அவர் இதற்குச் சிகிச்சையாகச் சொன்னார். பழமொழி விருந்தையும் மருந்தையும் ஏன் ஒன்றாகச் சேர்த்தது என்பது நமக்கு இப்பொழுது விளங்குகிறது. விருந்து நீடித்தால் மருந்து தேவைப்படும்!

இந்த நோயை இன்றைய நாளில் வளர்ப்பது எது தெரியுமா? கையிலிருக்கும் டெலிபோன். முற்காலத்தில் தூர தேசம் போனவனுக்கு வீட்டிலிருந்து கடிதம் வர வாரக் கணக்கில் ஆகும். அதற்குள் அவன் பசித்தால் சமையலறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பேச்சுத் துணை வேண்டுமானால் கூடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். இன்று அப்படியில்லை. ஜப்பானில் இரவு ஒன்பது மணி ஆகும்போது நமக்கு மாலை ஐந்தரை; காப்பி சாப்பிடும் நேரம். அம்மா முகம் பார்த்துப் பேச அழைக்கிறாள். "என்னடா சாப்பிட்டாய்? ஏண்டா இளைத்துப் போனாய்?" என்று ஆரம்பமாகிறது. அதே ஒன்பது மணிக்கு அடுத்த அறையில் அந்த வீட்டார் தேநீர் வைத்துக்கொண்டு, தாங்கள் ஏற்றுக்கொண்ட பிள்ளை வந்து உட்காருவான் என்று காத்திருக்கிறார்கள். பிள்ளையின் சரீரம் ஒஸாகாவில் இருக்கிறது. மனம் மாம்பலத்தில் இருக்கிறது. தாய்மார்கள் நம்மீது கோபித்துக்கொள்ளக்கூடாது. முதல் மாதத்தில் வாரத்துக்கு ஒரு முறை பேசினால் போதும் என்பது நமது அபிப்பிராயம். குழந்தையை அநுப்பிவிட்டு, அநுப்பாமலும் இருக்க முடியாது.

அப்படியானால் நான்காம் நாள் செய்யவேண்டியதுதான் என்ன? நம்முடைய பதில் மிகவும் சாதாரணமானது. வேலை கேட்க வேண்டும். "நான் என்ன செய்யட்டும்?" என்ற வாக்கியத்தை ஜப்பானிய மொழியில் நெட்டுருப் போட்டுக்கொண்டு போக வேண்டும். குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது அங்கே பல வீடுகளில் குழந்தைகளின் வேலை. உலர்ந்த துணிகளை மடித்து வைக்கலாம். காலையில் குப்பை கொண்டுபோய் வைக்கலாம். குப்பை என்றால் இலேசான சமாசாரம் என்று எண்ணிவிட வேண்டாம். எரியக்கூடியது ஒரு நாள், பிளாஸ்டிக் ஒரு நாள், பாட்டிலும் தகரமும் வேறொரு நாள் என்று ஊருக்கு ஊர் அட்டவணை உண்டு. தொக்குஷிமா மாவட்டத்தில் காமிகாட்சு என்னும் சிற்றூரில் 40க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள்! வீட்டுக் குப்பை அட்டவணையை மனப்பாடம் செய்தவனை யாரும் விருந்தாளி என்று சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் வகுப்பறையை மாணவர்களே பெருக்கித் துடைக்கும் தேசம் அது. வேலை செய்வது அங்கே அவமானம் அல்ல. அங்கத்தினன் என்பதற்கு அடையாளம்.

இப்படிச் சில நாள் சென்ற பிறகு, மற்றொரு சிறு காரியம் நடக்கலாம். ஜப்பானிய வீடுகளில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சோற்றுக் கிண்ணமும் ஒரு ஜோடிக் குச்சிகளும் இருக்கும். நம் வீட்டில் தாத்தாவின் வெள்ளி டம்ளரைப் பிறர் தொடாதது போல, ஒருவர் கிண்ணத்தில் மற்றொருவர் உண்பதில்லை. விருந்தாளிக்கு என்று வேறு பாத்திரம் உண்டு. ஒரு நாள் மாணவனைக் கடைக்கு அழைத்துப் போய், "உனக்குப் பிடித்த கிண்ணத்தை எடுத்துக்கொள்" என்று சொன்னார்களானால், அவன் அதைச் சாதாரணக் கடைச் சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அது அந்த வீட்டில் அவனுக்கு எழுதிக் கொடுத்த பட்டா.

இந்தியர் ஒருவர் ஜப்பானிய வீட்டில் இத்தகைய பட்டாப் பெற்ற சரித்திரம் ஒன்று நமக்கு உண்டு. அவர் மாணவர் அல்ல. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1912இல் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சின் மீது குண்டு எறிந்த சதியில் சம்பந்தப்பட்டுத் தேடப்பட்ட ராஷ் பிகாரி போஸ், 1915இல் ஜப்பான் சென்று சேர்ந்தார். ஆங்கிலேயரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, அவரை நாடு கடத்த உத்தரவு பிறந்தது. அப்பொழுது டோக்கியோவில் ஷிஞ்ஜுகு பகுதியில் 'நகமுராயா' என்ற ரொட்டிக்கடை வைத்திருந்த ஸோமா தம்பதிகள், முன்பின் அறியாத அந்த இந்தியரைத் தங்கள் கடைக்குப் பின்னாலிருந்த கட்டிடத்தில் சில மாத காலம் மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். அபாயம் முற்றும் நீங்காத காலத்தில், 1918இல், தங்கள் மூத்த பெண் தோஷிகோவையும் அவருக்கு மணம் செய்து கொடுத்தார்கள். அந்த அம்மாள் 1925இல் காலமாகிவிட்டாள். ஆனாலும் உறவு அறுந்து போகவில்லை. 1927இல் நகமுராயாவில் உணவுச்சாலை திறந்தபோது, அசலான இந்தியக் குழம்பு எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் ராஷ் பிகாரிதான். அந்தக் கடையின் இந்தியக் குழம்புக்கு இன்றளவும் பெயர் இருக்கிறது. உண்ட வீட்டுக்கு உபகாரம் என்பது இதுவே. அவர் அங்கே விருந்தாளியாக நுழைந்தார்; பிறகு அந்த வீட்டுப் பிள்ளையானார்; கடைசியில் அந்த வீட்டுச் சமையலிலேயே கலந்துவிட்டார்.

இனி, நமக்கும் ஜப்பானியருக்கும் பொதுவான ஒரு வழக்கத்தைச் சொல்லுகிறோம். வீட்டை விட்டு வெளியே போகும்போது "போகிறேன்" என்று நாம் சொல்லமாட்டோம். அது அமங்கலம். "போய் வருகிறேன்" என்றுதான் சொல்லுவோம். வீட்டில் இருப்பவர்களும் "போய் வா" என்பார்கள். ஜப்பானில் காலையில் புறப்படும் பிள்ளை 'இத்தெகிமாஸ்' என்கிறான். அதன் பொருள், போய் வருகிறேன். தாய் 'இத்தெராஷாய்' என்கிறாள். அதன் பொருள், போய் வா. மாலையில் திரும்பியதும் 'தாதைமா', அதாவது 'இதோ வந்துவிட்டேன்' என்று அவன் வாசலிலிருந்தே குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து 'ஒகாயெரி' என்று பதில் வரும். திரும்பி வந்தாயா என்று அர்த்தம். கவனியுங்கள்: விருந்தாளியைப் பார்த்து 'இராஷாய்', அதாவது 'வாருங்கள்' என்பார்கள், கடைக்கு வருகிறவர்களையும் அப்படித்தான் அழைப்பார்கள். 'ஒகாயெரி' என்பது அந்த இடத்தைச் சேர்ந்தவர்களுக்கே உரியது. வருகிறவனுக்கு ஒரு சொல். திரும்பி வருகிறவனுக்கு வேறொரு சொல். முதல் சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்குப் போய்ச் சேருவதுதான் பரிவர்த்தனை மாணவனின் முதல் மாதத்துப் பாடம். மற்றப் பாடங்களைப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் நம் குழந்தைகளுக்குச் சொன்னது. இனி நமக்கு நாமே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். பரிவர்த்தனை என்றால் கொடுக்கல் மட்டும் அல்ல, வாங்கலும் உண்டு. வெளி தேசங்களிலிருந்தும் குழந்தைகள் இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடும்பங்களில் தங்குகிறார்கள். கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு ஜப்பானியப் பெண் வந்து சேர்ந்தாள் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? தலைவாழை இலை, வெள்ளி டம்ளர், இரண்டு பாயசம். அவள் தட்டை எடுக்கப் போனால் மூன்று பேர் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால், "நீ எதற்கம்மா? போய் விசிறியடியில் உட்கார்" என்று அனுப்பிவிடுவார்கள். தெருவில் உள்ளவர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான்காம் நாளும் இப்படியே. நாற்பதாம் நாளும் இப்படியே. நம்முடைய உபசாரத்துக்கு உலகத்தில் ஈடு இல்லை என்று நாம் பெருமை கொள்வோம். அந்தப் பெண்ணோ, இத்தனை பேருக்கு நடுவில் தனியாக, பொம்மைக் கொலுவில் வைத்த பொம்மையைப் போல உட்கார்ந்திருப்பாள்.

விருந்தோம்பலில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. ஆனால் விருந்தோம்பல் ஒரு வேலியாகவும் ஆகிவிடக்கூடும் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. "நீ எங்கள் வீட்டில் ஒரு காரியமும் செய்யக்கூடாது" என்று சொல்லுவதில் "நீ எங்கள் வீட்டைச் சேர்ந்தவள் அல்ல" என்ற பொருளும் இருக்கிறது. நம் சொந்தப் பெண்ணை இப்படி உட்கார்த்தி வைத்து உபசாரம் செய்கிறோமா?

மூன்று நாள் விருந்து வைக்க நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நான்காம் நாள் காலையில் ஒரு கட்டு முளைக்கீரையைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் முன் வைத்து, "இதைக் கொஞ்சம் ஆய்ந்து கொடு, அம்மா!" என்று சொல்லுவதற்குத்தான் நமக்குத் துணிவு வேண்டும்.